கிட்டியும் கச்சேரியும்

மயிலாப்பூரில் கச்சேரி என்றால் இன்று மார்கழி மாதமும் தம்புராவின் சுருதியும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, அதே ஊரில் கச்சேரி சாலை என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பொருள், அதாவது குடிகள் கைகட்டி நின்று பிராது கொடுத்த சர்க்கார் அலுவலகம் என்னும் பொருள், யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்குச் சற்று வடக்கே, கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையை எட்வர்டு எலியட்ஸ் ரோடு என்றே சொல்லிப் பழகிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெசன்ட் நகர்ப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்களோ எலியட்ஸ் பீச் என்று நாள்தோறும் சொல்கிறார்கள். அந்த எலியட் யார் என்று விசாரித்தால், யாரோ ஒரு துரை என்பதோடு பேச்சு நின்றுவிடும். எட்வர்டு பிரான்சிஸ் எலியட் என்ற அந்த மனிதர் சென்னைப் பட்டணத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பரின்டெண்டாகவும் இருந்தவர். அதைவிட முக்கியமாக, ஒரு ராஜாங்கம் தன் பிரஜைகளைத் தன் சேவகர்களே சித்திரவதை செய்தார்கள் என்று தன் கைப்படவே எழுதி அச்சிட்டுக்கொண்ட ஒரு விசாரணையில் உட்கார்ந்தவர்.

சென்ற அத்தியாயத்தில், 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கும்பினிக்கு மறுபடியும் ஆயுள் கொடுத்த வரலாற்றைச் சொன்னேன். அந்த ஆயுளைக் கொடுக்கக் கூடாது, கொடுப்பதானால் குடிகளின் குறைகளைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும் என்று லண்டன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார். துணியிலும் நீலச்சாயத்திலும் பொருள் சேர்த்து, அந்தப் பொருளையெல்லாம் பொதுக் காரியத்தில் கரைத்தவர் அவர். 1844இல் 'கிரசென்ட்' பத்திரிகையையும் 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தையும் தொடங்கி, பட்டணத்து வியாபாரிகளின் வழக்கை மட்டுமன்றி, தாம் கண்ணால் பார்த்திராத தூரத்து ரயத்தின் வழக்கையும் தம் வழக்காக எடுத்துக்கொண்டார். ஹென்றி டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற அங்கத்தினர் 1853இல் இங்கே வந்தபோது, செட்டியார் அவரை ஜில்லா ஜில்லாவாக அழைத்துக்கொண்டு போய், கிஸ்தி பாக்கிக்காக மனிதர்கள் எப்படி வதைக்கப்படுகிறார்கள் என்பதை ரயத்துகளின் வாயாலேயே கேட்கச் செய்தார். சீமோர் ஊர் திரும்பி, 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் எழுந்து அதைச் சொன்னார்.

அங்கே நடந்ததைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நவாபுகளின் கொடுமையிலிருந்தும் பாளையக்காரர்களின் கொள்ளையிலிருந்தும் குடிகளை மீட்டு நியாயம் வழங்க வந்தவர்கள் தாங்கள் என்பதே கும்பினியார் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த நியாயம்; அவர்கள் ஆட்சிக்கு வேறு தர்ம ஆதாரம் கிடையாது. சித்திரவதை என்ற ஒரு சொல் அந்த ஆதாரத்தின் அடிமரத்தில் விழுந்த வெட்டு. ஆகவே கும்பினிப் பக்கத்தார் முதலில் செய்தது மறுப்பு. இத்தனை வருஷம் அந்த நாட்டில் உத்தியோகம் பார்த்தோம், எங்கள் காதுக்கு எட்டாதது உங்கள் காதுக்கு எப்படி எட்டியது என்ற தோரணையிலான மறுப்பு. ஆனால் மறுப்பு செல்லவில்லை. விசாரிக்கும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. சென்னைக் கவர்னராயிருந்த ஹாரிஸ் பிரபுவின் சர்க்கார் மூவர் கொண்ட கமிஷனை நியமித்தது. போலீஸ் அதிகாரியான எலியட், சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஸ்டோக்ஸ், பாரிஸ்டரான ஜான் புரூஸ் நார்ட்டன். மூவரில் வழக்கறிஞர் ஒருவர்தான் நிர்வாகத்துக்கு வெளியே நின்றவர். தம் குற்றத்தைத் தாமே விசாரிக்க வீற்றிருந்த சபை என்று அன்றே ஒருவர் குறை சொல்லியிருந்தால் அதில் தவறிருந்திராது.

ஆயினும் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். குறையுள்ளவர் நேரில் வரலாம், எழுதியும் அனுப்பலாம் என்று நாட்டு மொழிகளில் பிரசித்தம் செய்தார்கள். அதற்குக் கிடைத்த அவகாசமோ சில மாதங்கள்தாம். ரயில் இல்லாத காலம். செங்கல்பட்டுக்காரன் இரண்டு நாளில் வந்துவிடலாம். கடப்பையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருகிறவன், கட்டுச்சோற்று மூட்டையும், வழியில் தங்கச் சத்திரமும், திரும்பிப் போனால் தாசில்தார் என்ன செய்வாரோ என்ற நடுக்கமுமாகத்தான் புறப்பட வேண்டும். அப்படியிருந்தும் 519 பேர் நேரில் வந்து நின்றார்கள். 1,440 பேர் எழுதினார்கள். மொத்தம் 1,959 பிராதுகள். இந்த எண்ணிக்கையை நான் எப்போது எழுதினாலும், எழுதாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற நினைவே முன்னால் வருகிறது.

அவர்கள் சொன்னவை அறிக்கையில் இருக்கின்றன. இரண்டு சொற்களை ஆங்கிலேயர் மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒன்று கிட்டி. ஒரு முனையில் கட்டிச் சேர்த்த இரண்டு கட்டைகள். நடுவே விரலையோ காதையோ தொடைச் சதையையோ வைத்து மறுமுனையை நெருக்கினால், எலுமிச்சம்பழம் பிழிவது போல உடல் பிழிபடும். மற்றொன்று அண்ணாந்தாள். கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கால் பெருவிரலோடு சேர்த்து இழுத்துக் கட்டி, குனிந்தவனைக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. போதாதென்றால் முதுகில் ஒரு கல்லை ஏற்றுவது. பெரிய ஆயுதங்கள் எவையும் வேண்டியிருக்கவில்லை; ஒரு முழக் கயிறும் இரண்டு கட்டையும் எந்தச் சாவடியிலும் கிடைக்கும். செய்தவன் பெரும்பாலும் தாசில்தாரின் சேவகன். செய்யச் சொன்னது வரிக் கணக்கு. நடந்த இடம் ஊர்ச் சாவடி அல்லது கச்சேரி வாசல்.

1855 ஏப்ரல் 16ஆம் தேதி கையொப்பமான அந்த அறிக்கையில் என்னை மிகவும் நிறுத்திவைப்பது சித்திரவதையைப் பற்றிய பக்கங்கள்கூட அல்ல. வதை உண்டு என்ற முடிவைவிட, வதைபட்டவனுக்குப் பரிகாரம் தேட வழியில்லை என்ற முடிவே தங்களுக்கு அதிக வேதனை தந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அடிபட்ட ரயத்து, காட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு, கலெக்டர் முகாமிடும் ஊருக்கு நடக்கிறான். மனு எழுதுகிறவனுக்குக் காசு கொடுக்கிறான். பல நாள் காத்திருந்து மனுவைக் கொடுக்கிறான். மனு திரும்பி வருகிறது. அதன் முதுகில், இது பற்றித் தாசில்தாரிடம் போய்ச் சொல்லவும் என்று எழுதியிருக்கிறது. எந்தத் தாசில்தாரைப் பற்றிப் பிராது சொன்னானோ அதே தாசில்தார்! வரி தண்டும் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. அடித்த கையும் மனுவை வாங்கிய கையும் ஒன்றாகவே இருந்தன.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடினால், மவுண்ட் ரோடில் குதிரைமேல் வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோவிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1816ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டரிடமும் தாசில்தாரிடமும் ஒப்படைக்கச் செய்தவர் அவரே. ரயத்துகள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கும் அளவுக்கு நேசிக்கப்பட்ட மனிதர். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நல்லவர் ஒருவர் தம் போன்ற நல்லவர்களே எப்போதும் அதிகாரத்தில் இருப்பார்கள் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு, நாற்பது வருஷத்தில் கிட்டியாக முடிந்தது.

இனி, அறிக்கையின் குறையையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவையும் எழுதிய கை, ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தை என்று குடிகள் நினைப்பதாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதி, பழி முழுவதையும் சுதேச உத்தியோகஸ்தர்கள் தலையில் இறக்கி வைத்தது. கிஸ்தியின் தொகையை நிர்ணயித்தவர் யார், அது குறைந்தால் தாசில்தாரின் உத்தியோகத்தைப் பறித்தவர் யார் என்ற கேள்விகள் எழவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 1857 செப்டம்பரில், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையையே கையில் எடுத்தார். வடக்கே சிப்பாய்கள் செய்த கொடுமைகளைக் கண்டு இங்கிலாந்து பதறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஆள்கிறவர்களின் சொந்த ஏட்டிலிருந்தே அவர்கள் ஆட்சியின் லட்சணத்தை அவர் எடுத்துக் காட்டினார். எழுதி வைத்தது எழுதியவர்களையும் விடாது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

ஆனால் பலன் ஒன்றுமில்லை என்று சொல்வதும் உண்மைக்கு மாறாகும். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் போலீஸை வரித் தண்டலிலிருந்து பிரித்தது. வில்லியம் ராபின்சனின் தலைமையில் மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் அமைந்தது. மெரினாவில் இன்று போலீஸ் தலைமை அலுவலகமாக விளங்கும் வெண்மையான கட்டடத்துக்கு அந்த இலாகா வந்த கதை பின்னால் வரும். போலீஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் குற்றத்துக்கு ருசுவாகாது என்ற விதி 1861ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தில் புகுந்து, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைத்து, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவைப் படித்தவர்கள், வரி பாக்கியை வசூலிக்க ஒருவரைச் சித்திரவதை செய்யும் ரெவின்யூ அதிகாரியை அதன் உதாரணங்களில் ஒன்றாகக் கண்டிருப்பார்கள். சட்டக் கல்லூரி மாணவன் மனப்பாடம் செய்யும் அந்த வரிக்குப் பின்னால் வெயிலில் குனிந்து நின்ற முதுகுகள் இருக்கின்றன.

அந்த ராஜாங்கத்தின் நற்பெயர் மீண்டதா என்றால், பாதி மீண்டது என்பேன். கேட்டார்கள், எழுதினார்கள், அதிகாரத்தைப் பிரித்தார்கள், அவ்வளவும் மெய். தங்கள் மேல்மட்டத்தை மட்டும் விசாரணைக்கு வெளியே நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பாதி அவர்களைத் துரத்திக்கொண்டே வந்தது. நூறு வருஷம் கழித்துக் கென்யாவின் முகாம்களில் அதே பேரரசு மனிதர்களை வதைத்தது. அதைப் பற்றிய காகிதங்கள் லண்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்டு மறைவாக வைக்கப்பட்டன. தள்ளாத வயதில் கென்யக் கிழவர்கள் வழக்குப் போட்டதன் பின்னரே அவை வெளியே வந்தன. 2013 ஜூனில், 5,228 பேருக்காகச் சுமார் 2 கோடி பவுன் நஷ்டஈடு தருவதாகவும், நடந்ததற்கு வருந்துவதாகவும் பிரிட்டிஷ் மந்திரி காமன்ஸ் சபையில் எழுந்து சொன்னார். 1855இல் சென்னையில் தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சரித்திரத்தை அந்நியர் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். 1975 ஜூன் 25ஆம் தேதி இரவு பிரகடனமான நெருக்கடி நிலை அந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டது. அந்த அக்டோபர் 2ஆம் தேதி, தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலை வீட்டில் காமராஜர் காலமானார். தம்மோடு விடுதலைக்கு உழைத்தவர்கள் பலரைச் சுதந்திர நாட்டின் அரசாங்கமே சிறையில் வைத்திருந்த நாளில் அவர் கண் மூடினார். 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டில் தி.மு.க. மந்திரி சபை கலைக்கப்பட்டது. மறுநாள் தொடங்கி நூற்றுக்கணக்கானவர்கள் மிசா என்னும் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். சென்ட்ரல் ரயிலடிக்கு அருகே, கூவத்தின் கரையில் இருந்த பழைய மத்தியச் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில், இரவு நேரத்தில், காவலர்களாலும் அவர்களுக்கு உதவியாயிருந்த தண்டனைக் கைதிகளாலும் கைதிகள் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் பாராளுமன்ற அங்கத்தினருமான சிட்டிபாபு, இளைஞரான மு.க. ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தம் உடம்பில் வாங்கிக்கொண்டார். மறு வருஷம் ஜனவரியில் இறந்தார். அவர் எழுதி வைத்த சிறைக் குறிப்புகள் பின்னர் நூலாக வந்தன.

விசாரணையோ தீர்ப்போ இல்லாமல் அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். கிட்டியைச் சட்டம் போட்டு ஒழித்த நாட்டில், லத்தியும் பூட்ஸுமாக அதே காரியம் நடந்தது.

1977இல் ஆட்சி மாறியபின், அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்க நியமிக்கப்பட்டவர் நீதிபதி மு.மு. இஸ்மாயீல். நாகூரில் பிறந்தவர்; பிற்பாடு உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர்; இவற்றுக்கெல்லாம் மேலாகக் கம்பனில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்தியவர். அந்தக் கழகத்தின் விழா எலியட்டின் பெயர் தாங்கியிருந்த அதே ராதாகிருஷ்ணன் சாலையில், ஏ.வி.எம். ராஜேஸ்வரி மண்டபத்தில் நடந்தபோதெல்லாம், இரண்டு விசாரணைகளின் இரண்டு மனிதர்களும் ஒரே சாலையில் சந்திப்பதாக எனக்கு ஒரு பிரமை உண்டாகும்.

வாலி வதத்தைப் பொருளாகக் கொண்டு இஸ்மாயீல் 'மூன்று வினாக்கள்' என்று ஒரு நூலே எழுதினார். கம்பன் காவியத்தில் மறைந்திருந்து எய்த அம்பு வாலியின் மார்பில் பாய்கிறது. அவன் அதைத் தன் கையால் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். படித்த பின் எய்தவனையே நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கிறான். காவியத் தலைவன், தெய்வமாக வணங்கப்படுகிறவன், அந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுத்து நிற்கிறான். அடிபட்டவனுக்குக் கேட்க என்ன யோக்கியதை என்று கம்பன் அவனைச் சொல்லவிடவில்லை. இந்தக் கட்டத்தை ஆயுள் முழுவதும் அலசிய மனிதரே, சிறையில் அடிபட்டவர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, உங்களை அடித்தது யார், எப்போது, எதனால் என்று கேட்க உட்கார்ந்தார் என்பதை, தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கைதிகள் தாக்கப்பட்டது உண்மை என்று அவர் எழுதினார். சுவருக்குள்ளே நடந்தது சுவருக்குள்ளேயே முடிந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு, அம்பில் இருந்த பெயர் வாசித்துக் காட்டப்பட்டது.

நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரிக்க டெல்லியில் அமைந்த ஷா கமிஷனின் கதை எல்லாரும் அறிந்தது. அது 1978இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. அறிக்கையோடு நில்லாமல் சட்டமும் திருத்தப்பட்டதுதான் அந்த ஆண்டுகளின் பெருமை. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் ஷரத்தை நெருக்கடி காலத்திலும் நிறுத்தி வைக்க முடியாது என்று 44ஆவது திருத்தம் விதித்தது. 1979 ஏப்ரலில் சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. உலகத்தின் முன் இழந்த கௌரவத்தை ஒரு நாடு திரும்பப் பெற இவை போன்ற காரியங்களே வழி. தூதர்களின் பேச்சு வழியன்று. ஆயினும், அந்தக் கௌரவம் முழுவதும் போய்விடாமல் இருண்ட நாளில் காத்து வைத்தது ஒரு தனி மனிதரின் பேனா என்பதையும் சொல்ல வேண்டும். 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றத்தில் நால்வர் ஒருபுறமாக, உயிரே போனாலும் கேட்க நாதியில்லை என்ற நிலையை ஒப்புக்கொண்டபோது, எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிட்டாமல் போயிற்று. 41 வருஷம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகளின் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. தள்ளி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், தள்ளப்பட்ட நால்வரில் ஒருவர் அவருடைய தகப்பனார்.

1980இல் ஆட்சி மறுபடி மாறி, காற்று திரும்பியது. ஷா கமிஷன் அறிக்கையின் பிரதிகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. முப்பது வருஷத்துக்குப் பின், அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்து, 2010இல் சென்னையிலிருந்து மறுபடி அச்சில் கொண்டுவந்தவர் பழைய பாராளுமன்ற அங்கத்தினரான நம் இரா. செழியன். எண்பத்தேழு வயது, கண் மங்கும் பருவம். பதவியும் இல்லை, பின்னால் கூட்டமும் இல்லை. தேசத்தின் மனச்சாட்சியிலிருந்து கிழிக்கப்பட்ட ஏடுகளை ஒரு கிழவர் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார். லட்சுமிநரசு செட்டியாரின் பரம்பரை என்று ஒன்று இந்த ஊரில் உண்டென்றால், செழியன் அதில் சேர்ந்தவர்.

இப்போது அடையாற்றை நோக்கிப் போகும் கிரீன்வேஸ் சாலைக்கு வருவோம். பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை என்று பெயர் மாறிய அந்த வீதியில் 'திருவரங்கம்' என்ற வளாகத்தில், 1997இல் அமைந்த மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. சட்டத்தின்படி அது அரசிடம் அறிக்கை கேட்கலாம், சாட்சிகளை அழைக்கலாம், நஷ்டஈட்டுக்குப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைதானே என்று அரசு அதைத் தள்ளிவிட முடியாது, அது கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்புச் சொன்னது. நான் மனமாரக் கொண்டாடிய தீர்ப்புகளில் அது ஒன்று. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு பழைய ஊனம் இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு வருஷம் கடந்தால் விசாரிக்கலாகாது. விசாரிக்கும் புலனாய்வுப் பிரிவோ போலீஸிலிருந்தே அனுப்பப்படும் அதிகாரிகளைக் கொண்டது. போலீஸ் மேல் வரும் பிராதை போலீஸ் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர் விசாரிக்கிறார். சில வருஷத்தில் அதே உடுப்புக்குத் திரும்பிப் போகிறார். அந்த அதிகாரிகள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம், மன்றோவும் நேர்மையானவரே. மனுவின் முதுகில் எழுதிய அந்த 1855ஆம் வருஷத்து வரியை நாம் இன்னும் முழுவதும் அழிக்கவில்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14இல் கையெழுத்திட்டது. இன்றளவும் அதை உறுதி செய்யவில்லை. அதற்கென்று கொண்டுவந்த மசோதாவை 2010 மே மாதத்தில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது பொறுக்குக் குழுவுக்குப் போய், பிறகு காலாவதியாயிற்று. 2017இல் சட்டக் கமிஷன் தன் 273ஆவது அறிக்கையில், உறுதி செய்யுங்கள் என்று மறுபடி எழுதியது. சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 2020 ஜூனில். சாத்தான்குளம் அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஊர். 1853இல் செட்டியார் சீமோரை எந்தத் தென்னாட்டின் குறையைக் கேட்கச் செய்தாரோ, அந்தத் தென்னாடு.

செட்டியார் 1868இல் இறந்தபோது அவர் கையில் பொருள் ஏதும் மிஞ்சவில்லை. அவர் விட்டுச் சென்ற காரியத்தைச் சட்டசபைக்குள் எடுத்துச் சென்றவர்களின் கதையும், ராபின்சனின் புதுப் போலீஸ் கடற்கரைக் கட்டடத்தில் குடியேறிய கதையும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)